ஏராவும் வளைவும் சேரும் இடம்

என் பெயர் நல்லரத்தினம். மட்டக்களப்பு வாவிக்கரையில் பதியுதீன் முதலாளியின் வள்ளப் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் அச்சு வேலை செய்தவன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் மனைவி முதற்கொண்டு எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் இது என்னைப் பற்றிய கதையல்ல, தக்ஷாயினியைப் பற்றியது. அவளைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், அவளோடு அதிகம் சண்டை பிடித்தவன் நான்தான். அந்த யோக்கியதை போதும்.

பைபர் வள்ளம் மரத் தோணி மாதிரி ஒவ்வொன்றாகச் செதுக்கி எடுப்பதல்ல. முதலில் மரத்தாலும் பூச்சாலும் ஒரு மாதிரி வள்ளம் செய்ய வேண்டும். அதன் மேல் அச்சு எடுக்க வேண்டும். பிறகு அந்த அச்சுக்குள் பைபர் பாயும் பசையுமாக அடுக்கி, காய்ந்ததும் உரித்தால் வள்ளம். ஒரே அச்சில் நாற்பது ஐம்பது வள்ளம் எடுக்கலாம். அச்சில் ஒரு பிழை இருந்தால் நாற்பதிலும் அதே பிழை அதே இடத்தில் இருக்கும். இதைப் புரிந்துகொண்டால் தக்ஷாயினி ஏன் அப்படிப் பிடிவாதமாக நின்றாள் என்பது புரியும்.

அவள் ஊர் நாவலடி. கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல். 2004 மார்கழியில் கடல் அந்தப் பக்கத்தால் ஏறி இந்தப் பக்கத்தால் வாவிக்குள் இறங்கியது. தகப்பன் போனார். தாய் கண்ணகையும் தக்ஷாயினியும் தம்பி தனோஜனும் மிஞ்சினார்கள். திராய்மடுவில் முதலில் தகரக் கொட்டில், பிறகு வரிசை வீடு. நிவாரணமாக வந்த வள்ளங்களில் ஒன்று தனோஜனுக்குக் கிடைத்தது. எங்கே யார் செய்தார்களோ தெரியாது, அவசரத்தில் செய்தது என்று மட்டும் பார்த்தவுடனேயே தெரிந்தது. 2006 தை மாதம், முகத்துவாரத்தில், வாவி கடலோடு சேரும் மணல் திட்டின் மேல் எழும்பும் அலையைக் கடக்கும்போது அந்த வள்ளம் முன்பக்கம் பிளந்து போனது. பொடியனுக்கு இருபது வயது. இரண்டாம் நாள்தான் கரை ஒதுங்கினான்.

செத்த வீட்டுக்கு நானும் போனேன். நான்கு பேர் கூடிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கிற பழக்கம் எனக்கு இல்லை. வள்ளம் தெரிந்தவன் என்று ஆட்கள் என்னிடம் கேட்டார்கள். "பொடியனுக்கு ஓட்டத் தெரியல்ல. அலைக்கு நேர குடுக்காம குறுக்கக் குடுத்திட்டான்" என்றேன். உடைந்த வள்ளத்தை நான் பார்க்கக்கூட இல்லை. பார்க்காமலே சொன்னேன். அச்சுக்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. திராய்மடு வரிசை வீடுகளில் ஆளுக்கு ஆள் அதையே சொன்னார்கள். உள்ளே பிள்ளையை வைத்துக்கொண்டு அழுத தாயின் காதிலும் அது விழுந்தது.

அடுத்த வருடம் முதலாளி பட்டறைக்கு ஒரு கணினி வாங்கினார். அதோடு, படவரைஞர் படிப்பு முடித்து சுனாமி வீடுகளுக்குப் படம் கீறிக்கொண்டிருந்த ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை. என் பெயரைக் கேட்டவுடன் நிமிர்ந்து பார்த்தாள்.

"தனோஜனுக்கு ஓட்டத் தெரியாது எண்டு சொன்னது நீங்கதானே அண்ணன்?"

"ஓம், நான்தான்" என்றேன். பின்வாங்குகிற பழக்கமும் எனக்கு இல்லை.

"சரி" என்று சொல்லிவிட்டுக் கணினியைப் போட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. எனக்கென்றால் அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அவள் செய்த வேலையைச் சொல்வதென்றால் என் வேலையில் இருந்துதான் தொடங்க வேண்டும். வள்ளத்தின் அடியில் நடுவே முதுகெலும்பு மாதிரி நெடுக ஓடுவதை ஏரா என்போம். முன் மூக்கு அணியம். ஏரா நேராக வந்து, ஓரிடத்தில் வளையத் தொடங்கி அணியத்துக்கு ஏறும். அந்த வளைவைப் பிடிக்க நான் கமுகஞ் சலாகையை மெல்லிசாகச் சீவி வைத்திருப்பேன். பலகையில் அளவுப்படி ஆணி அடித்து, ஆணிகளோடு சலாகையை வளைத்துக் கோடு இழுத்தால் அதுதான் வளைவு. அவள் கணினியில் புள்ளி புள்ளியாக வைத்தாள். எல்லாப் புள்ளியையும் தொட்டுக்கொண்டு ஒரு வளைகோடு தானாக ஓடியது. அதற்கு ஸ்ப்ளைன் என்று பெயராம்.

"அட, இது என்ட சலாகைதானே! நான் ஆணி அடிக்கிறன், நீ புள்ளி வைக்கிறாய்" என்றேன்.

"ஓம் அண்ணன். ஆனா உங்கட சலாகைக்கு ஒரு குணம் இருக்கு, இதுக்கு அது இல்ல. சலாகை ஏராவில படுத்துக் கிடந்து மெல்ல எழும்பும். இது புள்ளியத் தொட்டாச் சரி எண்டு சட்டெண்டு திரும்பிரும். நாமதான் கட்டிப் போடணும்."

நேர்கோட்டையும் வளைவையும் தெரிவு செய்து ஒரு பொத்தானை அழுத்தினாள். பள்ளிக்கூடத்தில் வட்டத்தைத் தொட்டுக்கொண்டு போகும் கோடாகத் தொடலி கீறினோமே, அந்தத் தொடலிதான். கட்டிப் போடணும் என்றாளே, அந்தக் கட்டைப் போட்டுவிட்டால், வளைவு எந்தத் திசையில் போனாலும் புறப்படும் இடத்தில் ஏராவின் திசையிலேயேதான் புறப்பட வேண்டும். சேருகிற இடத்தில் கோணல் விழாது. கோணல் விழுந்தால் அலை அடிக்கிற அடியெல்லாம் அந்த ஒரு கோட்டில் போய் விழும், அந்தக் கோட்டில்தான் வெடிக்கும் என்றாள். யாருடைய வள்ளம் அப்படி வெடித்தது என்று அவள் சொல்லவில்லை.

இந்தக் கட்டு விஷயத்தில் அவள் பிடித்த பிடியைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். 2008இல் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், வள்ளப் படத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறாள். சும்மாவே சந்தேகப்படுகிற நேரம். சோதனைச் சாவடியில் இறக்கி, வேகமாக ஓடுகிற வள்ளத்தின் படம் யாருக்கு என்று கேட்டு இருத்திவிட்டார்கள். முதலாளியும் நானும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினோம். போய்ப் பார்த்தால் அவள் ஒரு பழைய படிவத்தின் பின்பக்கத்தில் வீதி கீறிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டு ஒரு அதிகாரி. தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், நேர் வீதியில் வருகிற பஸ் வளைவுக்குள் நுழையும் இடத்தில் வீதி மெல்லத் திரும்பாமல் சட்டென்று முறிந்தால் சனம் என்ன ஆகும் என்று அவனுக்குப் பாடம் நடத்துகிறாள்! அவன் தலையை ஆட்டிக்கொண்டு, இனிமேல் கடிதம் இல்லாமல் படம் கொண்டு திரியாதே என்று அனுப்பிவிட்டான். திரும்பி வரும் வழியில் முதலாளி, "புள்ள, உன்ன உன்ட தொடலியாலதான் அல்லாஹ் காப்பாத்தினான்" என்றார். அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

2009 வைகாசியில் யுத்தம் முடிந்தது என்று வானொலி சொன்னது. எங்கள் பக்கத்தில் யாரும் சத்தமாக எதுவும் பேசவில்லை. கடலுக்குப் போக இருந்த நேரக் கட்டுப்பாடுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தன. வயல் நிலம் வைத்திருக்கிற போடியார் முதல் கூலிக்காரன் வரைக்கும் எல்லோருக்கும் வள்ளம் வேண்டும் என்றாகிவிட்டது. ஆவணியில் ஒரு உதவி அமைப்பு நாற்பது வள்ளம் கேட்டு வந்தது. நாவலடி, திராய்மடு ஆட்களுக்குத்தான். எல்லாமே முகத்துவாரம் கடக்கப் போகிற வள்ளங்கள்.

எந்த வள்ளத்தைப் பார்த்து அச்சுச் செய்வது என்ற கேள்வி வரவே இல்லை. பாலமீன்மடு சாமித்தம்பியரின் வள்ளம் சுனாமிக்கு முந்தியது, அலையைக் கடக்கிறதில் அதற்கு மிஞ்சியது இந்தக் கரையில் இல்லை. நானே போய் அளவெடுத்தேன். இரண்டு நாள், வெயிலில், தூக்குநூல் போட்டு, மட்டம் பிடித்து, ஏரா வளையத் தொடங்கும் இடத்திலிருந்து அணியம் வரை எட்டுப் புள்ளி. என் கொப்பியில் எழுதிக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தேன். திங்கட்கிழமை அமைப்பு ஆட்கள் மாதிரி வள்ளத்தைப் பார்க்க வரப்போகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் படம் என் கைக்கு வந்தால்தான் மாதிரிக்கான மரச் சட்டங்களையாவது வெட்டி நிறுத்தலாம்.

வியாழக்கிழமை பின்னேரம் அவள் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணன், ஒருக்கா வாங்க. இத ஒருக்கா பாருங்க."

திரையில் எட்டுப் புள்ளியையும் தொட்டுக்கொண்டு வளைவு அழகாக ஏறியது. நல்லாத்தானே இருக்கு என்றேன். அவள் ஏராவும் வளைவும் சேரும் இடத்தைப் பெரிதாக்கினாள். அங்கே சின்னதாக ஒரு முறிவு இருந்தது. பிறகு தொடலிக் கட்டைப் போட்டாள். முறிவு போனது. ஆனால் வளைவு ஏராவோடு கொஞ்சத் தூரம் படுத்துக் கிடந்து, இரண்டாவது புள்ளியைப் பிடிப்பதற்காக அவசரமாக மேலே ஏறி, அதற்குப் பிறகு தொய்ந்து, திரும்பவும் ஏறியது. ஒரு புடைப்பு. எலியை விழுங்கிய சாரைப் பாம்பு மாதிரி.

"கட்ட எடுத்தா முறியுது. கட்டப் போட்டாப் புடைக்குது. ரெண்டும் ஒரு வள்ளத்துட வடிவமில்ல" என்றாள். இரண்டாவது புள்ளியை மட்டும் பிடியிலிருந்து விட்டாள். அந்த நிமிடமே கோடு, தண்ணீரில் விட்ட கயிறு மாதிரி, ஒரு சுருக்கமும் இல்லாமல் தானாக இழுபட்டது. விட்ட புள்ளிக்கு முக்கால் அங்குலம் கீழே ஓடியது.

"மத்த ஏழு புள்ளியும் ஒரு கதை சொல்லுது அண்ணன். இது ஒண்டுதான் வேற கதை சொல்லுது. இந்த அளவு பிழை."

எனக்கு வந்த கோபத்தை நான் எப்படி எழுதுவது! என் அளவு பிழையாம். இருபது வருடத்தில் ஒரு நூல் அளவு தவறாதவன் முக்கால் அங்குலம் தவறினேனாம். நேற்று வந்த பெட்டி சொல்கிறதாம். "கொம்பியூட்டருக்கு வடிவு வேணுமெண்டதுக்காக வள்ளத்த மாத்துவியா? சாமித்தம்பியர்ட வள்ளம் அப்பிடித்தான் இரிக்கி. எட்டுப் புள்ளியும் அப்பிடியே வேணும். கட்டக் கழட்டிப்போட்டுப் படத்த அடிச்சுத் தா" என்று கத்தினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். ஒன்றிரண்டு எழுதக்கூடியதல்ல.

முதலாளி ஓடி வந்தார். "இஞ்சப் பாருங்க, திங்கக்கிழம ஆக்கள் வாறாங்க. கண்ணுக்குத் தெரியாத முறிவுக்காக நான் நாப்பது வள்ளத்த விடுறதா? புள்ள, நல்லரத்தினம் சொல்ற மாதிரி அடிச்சுக் குடுத்திரு."

"மாட்டன் முதலாளி" என்றாள். குரல் உயரவில்லை. "நீங்க வேற ஆளப் பிடிச்சுக் கீறலாம். என்ட கையால அந்த முறிவோட படம் வெளிய போகாது. நாப்பது வள்ளம். ஒரு வள்ளத்தில ரெண்டு பேர். எண்பது பேர் முகத்துவாரத்தால போப்போறாங்க. அதில ஒராள் திரும்பி வராட்டி, அவனுக்கு ஓட்டத் தெரியாது எண்டு சொல்ல ஊரில ஆக்கள் இரிக்காங்க."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். முதலாளி என்னைப் பார்த்தார். ஆனாலும் என் வீம்பு விடவில்லை. "நாளைக்கு வெள்ளன நான் திரும்பிப் போய் அளந்து காட்டுறன். அளவு சரியெண்டா நீ எழும்பி வீட்ட போகவேணும்" என்றேன். "ஓம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சலாகையையும் எடுத்துக்கொண்டு பாலமீன்மடுவுக்குச் சைக்கிளில் போனேன். அவளை வீட்டுக்கு அனுப்பியே தீருவது என்ற மூர்க்கத்தில்தான் மிதித்தேன். சாமித்தம்பியரின் வள்ளம் பழைய இடத்திலேயே கிடந்தது. எங்கள் பக்கத்தில் வள்ளத்தை வெறும் மணலில் வைப்பதில்லை. ஈரம் ஏறும் என்று பனங்கொட்டு, அதாவது பனைமரத் துண்டு, இரண்டை அடியில் உருட்டிவிட்டு அதன் மேல் ஏற்றி வைப்பது வழக்கம். சிறு வயதிலிருந்து பார்த்த பழக்கம், கண்ணில் படுவதே இல்லை. நான் அளந்தேன். இரண்டாம் புள்ளி அதே அளவுதான் வந்தது. நூல் அளவும் மாறவில்லை. எழும்பிப் போகட்டும் என்று நினைத்தேன்.

பிறகு சாமித்தம்பியர் ஒரு தடியால் அணியத்தைக் கொஞ்சம் நெம்பிப் பிடிக்க, சலாகையை வைத்தேன். ஏராவில் படுக்க வைத்து, மேலே அணியத்தில் அழுத்திப் பிடித்தேன். சலாகை எங்கும் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் புள்ளியடியில் மட்டும் ஒட்டவில்லை. இடையில் என் பெருவிரல் புகுந்தது. குனிந்து பார்த்தேன். அந்த இடத்துக்கு நேர் கீழே பனங்கொட்டு.

"சாமித்தம்பி அண்ணன், இது இதில எவ்வளவு காலமாக் கிடக்கு?"

"கடலுக்கு விடாத காலம் முழுக்க. வலையும் இஞ்சினும் நங்கூரமும் உள்ளுக்க வச்சபடி மூண்டு மழை கண்டிட்டு. ஏன் மனே?"

ஐயோ, ஐயோ! மூன்று வருடமாகப் பாரத்தோடு மரக்கொட்டின் மேல் கிடந்த பைபர் உள்ளே பதிந்துவிட்டது. நான் அளந்தது வள்ளத்தையல்ல, பனங்கொட்டு போட்ட பள்ளத்தை. அளவு சரி, அளந்த இடம்தான் பிழை. வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்தப் பிழை வந்திருக்காது. பனங்கொட்டில் வள்ளம் வைக்கிற எங்களுக்கு மட்டும்தான் வரும். அந்த வள்ளத்தை ஒரு நாளும் கையால் தொடாதவள், பட்டறை மேசையில் இருந்தபடி, ஒரு கட்டைப் போட்டு அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். எனக்கு வெட்கமும் வந்தது, பெருமையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனிதன் மணலில் குந்திவிடுவான் போல. குந்திவிட்டேன்.

குந்திய இடத்திலிருந்து பார்த்தபோது அந்தப் பக்கம் கவிழ்த்துக் கிடந்த மூன்று நீல வள்ளங்கள் கண்ணில் பட்டன. தனோஜனுக்கு வந்த அதே அச்சு. கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, பிறகு யாரும் கடலுக்குக் கொண்டுபோகாமல் கவிழ்த்துவிட்டிருந்தார்கள். சலாகையோடு எழும்பிப் போனேன். போகாமல் விட்டிருந்தால் என் பாட்டுக்கு நிம்மதியாக இருந்திருப்பேன். முதல் வள்ளத்தில் வைத்தேன். ஏராவும் வளைவும் சேரும் இடத்தில் சலாகை அந்தரத்தில் நின்றது. அடியில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு, குறுக்கே, வாளால் கீறிய நேர்கோடாக. இரண்டாவது வள்ளத்திலும் அதே இடம், அதே வெடிப்பு. மூன்றாவதிலும்.

மூன்று வள்ளத்தையும் ஓட்டியது வெவ்வேறு ஆட்கள். மூன்று பேருக்கும் ஓட்டத் தெரியாதா?

பட்டறைக்குத் திரும்பி வந்தபோது முதலாளி வாசலில் நின்றார். "என்ன, அளவு சரியா?" என்றார். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன்: "அளவு பிழை. புள்ள சொன்னதுதான் சரி. கட்டு அப்பிடியே இருக்கட்டும்." தக்ஷாயினி தலையை மட்டும் ஆட்டினாள். என்னை ஒரு வார்த்தை குத்திக் கதைக்கவில்லை. நானென்றால் ஒரு மாதம் குத்தியிருப்பேன்.

படத்தை முழு அளவில் அடிக்கப் பெரிய இயந்திரம் எங்களிடம் ஏது. சனிக்கிழமை புளியந்தீவுக் கடையொன்றில் முப்பத்தொரு தாளில் அடித்து, பலகையில் பசை போட்டு ஒட்டினோம். நடுவில் மின்சாரம் போய் இரண்டு மணித்தியாலம் வீண். ஒட்டிய தாளின் மேல் நான் சலாகையை வைத்துப் பார்த்தேன். ஒரு மயிர் இடைவெளி இல்லை. திங்கட்கிழமை வந்த ஆட்களுக்கு வெறும் சட்டங்களைத்தான் காட்ட முடிந்தது. அவர்கள் முகம் சுளித்தார்கள். தக்ஷாயினி அவர்களையும் கணினிக்கு முன் இருத்தி, கட்டைக் கழற்றியும் போட்டும் காட்டினாள். ஒரு மாதம் கூடுதலாகத் தந்தார்கள்.

கார்த்திகையில் மழை இறங்கி, முகத்துவாரத்து மணலை வெட்டி வழி திறந்த பிறகு, முதல் வள்ளத்தைச் சாமித்தம்பியரும் நானும் கொண்டுபோனோம். கரையில் தக்ஷாயினி குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றாள். திட்டின் மேல் முதல் அலையில் அணியம் எழும்பி, பொத்தென்று விழுந்தது. என் பற்கள் அடிபட்டன. இரண்டாவதுக்கு நான் குலதெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். சாமித்தம்பியர் வேண்டுமென்றே திரும்பித் திரும்பி ஏழு தரம் அடிக்கவிட்டார். கரைக்கு வந்ததும் அவள் வள்ளத்தைக் கவிழ்க்கச் சொன்னாள். மண்டியிட்டு, ஏராவும் வளைவும் சேரும் இடத்தில் உள்ளங்கையை வைத்து, முன்னும் பின்னும் தடவினாள். பிறகு நெற்றியை அதில் வைத்துக்கொண்டு அழுதாள். பார்த்துக்கொண்டு நிற்க எங்களால் முடியவில்லை. சாமித்தம்பியர் வலையைச் சரிசெய்கிற சாட்டில் அங்கால் போய்விட்டார்.

மன்னிப்புக் கேள் என்று அவள் என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த நாள் அவள் பட்டறையில் இருக்கிற நேரம் பார்த்துத் திராய்மடுவுக்குப் போனேன். கண்ணகை வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கை நின்றது. இரு என்று சொல்லவில்லை. நான் நின்றபடியே சொன்னேன்.

"கண்ணகையக்கா, தனோஜன்ட பிழையில்ல. வள்ளத்துட பிழை. அந்தப் பொடியன் சரியாத்தான் ஓட்டியிருக்கான். அண்டைக்கு நான் பாக்காமலே சொன்னது."

அவள் கத்தியைக் கழுவினாள். கையைச் சேலையில் துடைத்தாள். மெல்ல எழும்பினாள்.

"இத எனக்கு என்னத்துக்குச் சொல்றீங்க? என்ட புள்ள எப்பிடி ஓட்டுவான் எண்டு எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு வரிசையாக நின்ற வீடுகளைக் கையால் காட்டினாள். "இவங்களுக்குத்தான் தெரியாது. நாலு வருசமாத் தெரியாது. இவங்களுக்குக் கேக்கச் சொல்லுங்க."

நான் படலைக்கு வெளியே வந்து, வீதியின் நடுவில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினேன். தனோஜன்ட பிழையில்ல என்றேன். அவனுக்கு ஓட்டத் தெரியும் என்றேன். பொய் சொன்னது நான், நல்லரத்தினம் என்றேன். ஒரு யன்னல் திறந்தது. எதிர் வீட்டுப் பொம்பிளை பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வேலியடிக்கு வந்தாள். திரும்பிப் பார்த்தேன். கண்ணகை படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"கடைசி வீட்டுக்குக் கேக்கல்ல" என்றாள். "இன்னொருக்கா."